கல்லறை இல்லாத 917 பேர்

நாகாலாந்தின் தலைநகர் கோஹிமாவில், குன்றின் சரிவில் படிப்படியாக அமைந்திருக்கிறது போர் வீரர் கல்லறைத் தோட்டம். டிமாப்பூர் ரயில் நிலையத்திலிருந்து மலைப் பாதையில் சுமார் 70 கிலோ மீட்டர் போக வேண்டும்.

1944 ஏப்ரலில் ஜப்பானியப் படை இந்தக் குன்றைச் சூழ்ந்தது. அப்போது இங்கே டெபுடி கமிஷனரின் பங்களா இருந்தது. அதன் டென்னிஸ் மைதானத்துக்கு ஒரு பக்கம் ஜப்பானியர். மறு பக்கம் பிரிட்டிஷ், இந்திய வீரர்கள். பந்து பறந்த இடத்தில் கையெறி குண்டுகள் பறந்தன! மைதானத்தின் எல்லையைக் காட்டும் வெள்ளைக் கோடுகளுக்கு அருகே வழிகாட்டிகள் சற்று நிற்கச் சொல்வார்கள்.

பக்கத்தில் ஒரு செர்ரி மரம். மறைந்திருந்து சுட ஜப்பானியர் ஏறிய பழைய மரம் சண்டையில் அழிந்தது; அதன் அடியிலிருந்து துளிர்த்தது இது.

தோட்டத்தில் 1,420 கல்லறைகள் உள்ளன. அதிகாரியானாலும் சிப்பாயானாலும் ஒரே மாதிரிக் கல்தான். பார்க்க வருகிறவர்களில் சிலர் இத்துடன் திரும்பிவிடுவதுண்டு. அது தவறு. உச்சியில் இன்னொரு நினைவுச் சின்னம் இருக்கிறது. எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கு உரியது அது.

சம்பளத்தை நம்பி ஊரை விட்டுப் பட்டாளத்துக்கு வந்தவர்கள் அவர்களில் பலர். அவர்களுக்கு இங்கே கல்லறை இல்லை; பெயர் மட்டுமே உண்டு. கால் வலித்தாலும் அந்தக் கடைசிப் படிகளையும் ஏறி, நாலு பெயரையாவது வாசித்துவிட்டு இறங்குவதே முறை.