வளாகமும் வலையும்

பெரிய கல்லூரி ஒன்றையோ ஆஸ்பத்திரியையோ சுற்றிப் பார்க்கிறவர் கண்ணுக்குக் கட்டடங்கள் தெரியும்; சாலைகளும் தோட்டங்களும் தெரியும். மண்ணுக்கடியிலும் சுவர்களுக்குள்ளும் ஓடி அவற்றையெல்லாம் பிணைத்து நிற்கும் கம்ப்யூட்டர் வலை தெரிவதில்லை. அது ஒழுங்காக இயங்கும் வரையில் எவரும் அதை நினைப்பதுமில்லை. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களில் இத்தொழிலை மேற்கொண்ட பிள்ளைகள் பலர் உண்டு. அவர்கள் எதைக் கட்டிக் காக்கிறார்கள் என்பதைப் பெற்றோரும் ஒருவாறு அறிந்திருத்தல் நன்று.

இவ்வலையின் கணுக்களில் இருப்பது ஸ்விட்ச் என்னும் கருவி. தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவரை இதற்கு உவமையாகச் சொல்லலாம். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் உண்டு. எந்த எண்ணிலிருந்து வரும் செய்தி எந்த வாயில் வழியாக நுழைகிறது என்பதை ஸ்விட்ச் குறித்துக் கொள்கிறது. பிறகு அந்த எண்ணுக்குச் செய்தி வந்தால் அந்த வாயிலுக்கு மட்டுமே அனுப்புகிறது. அறியாத எண்ணாயின், எல்லா வாயில்களுக்கும் பிரதி எடுத்து அனுப்பிவிடுகிறது. அனைவரும் கேட்கவேண்டிய தண்டோராச் செய்திகளையும் அவ்வாறே பரப்புகிறது.

ஆபத்து இங்கேதான் பிறக்கிறது. ஒரு கம்பி அறுந்தாலும் வேலை நிற்கலாகாது என்று கட்டடங்களுக்கிடையே இரண்டு வழிகள் போடுகிறோம். இரண்டு வழிகள் சேர்ந்தால் வளையம் உண்டாகிவிடும். வளையத்தில் புகுந்த தண்டோரா சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு ஆயுள் வரையறை கிடையாது. ஒவ்வொரு ஸ்விட்சும் பிரதி எடுக்க எடுக்க, சில விநாடிகளில் வலை முழுவதும் அடைத்துக்கொள்ளும். பாதுகாப்புக்கென்று வைத்த வழியே அழிவுக்கு வழியாகிவிடும்!

இதற்குப் பரிகாரம் கண்டவர் ராடியா பெர்ல்மன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1985-ஆம் ஆண்டில், டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் என்ற கம்பெனியில் பணியாற்றியபோது, அவர் ஒரு முறையை வகுத்தார். ஸ்விட்சுகள் தமக்குள் பேசி ஒன்றை வேராகத் தேர்ந்துகொள்கின்றன. வேருக்குச் செல்லும் நல்ல வழியை வைத்துக்கொண்டு மற்ற வழிகளை அடைத்துவிடுகின்றன. திறந்த வழி அறுந்தால் அடைத்த வழி திறக்கும். வளையம் இவ்வாறு மரமாக மாறுவதால் இதற்கு ஸ்பானிங் ட்ரீ என்று பெயர். பழைய முறையில் வழி மாற அரை நிமிஷத்துக்கு மேல் ஆகும். 2001-இல் வந்த விரைவு முறையில் சில விநாடிகளே போதும்.

ஆயினும் மரம் எவ்வளவு தூரம் படரலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. செய்தி ஏழு ஸ்விட்சுகளுக்கு மேல் கடக்கலாகாது என்று கணக்கிட்டே பழைய முறையின் நேர அளவுகள் அமைந்தன. அந்த எல்லையை மறந்ததன் பலனைப் பாஸ்டன் நகரம் கண்டது.

அந்நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் ஆஸ்பத்திரி 1996-இல் இரண்டு ஆஸ்பத்திரிகள் இணைந்து உருவானது. தேவை எழுந்தபோதெல்லாம் ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் கோத்து அதன் வலை வளர்ந்தது. எக்ஸ்ரே முதலிய படங்களைக் கையாண்ட பகுதி, மையத்திலிருந்து பத்துத் தாவல் தொலைவுக்குப் போய்விட்டது. 2002 நவம்பர் 13 அன்று ஆராய்ச்சிப் பணி ஒன்றிலிருந்து பெரும் செய்தி வெள்ளம் புறப்பட்டது. ஸ்விட்சுகள் தம்முள் பேசிக்கொள்ளும் பேச்சு அதில் அமுங்கிற்று, மரம் குலைந்தது, வளையங்கள் தோன்றின. ஏறக்குறைய நான்கு நாட்கள் அந்த ஆஸ்பத்திரி காகிதத்துக்குத் திரும்பிற்று. பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அவசர சிகிச்சைப் பிரிவைச் சில மணி நேரம் மூட நேர்ந்தது. கையால் மருந்துச் சீட்டு எழுதியறியாத இளம் டாக்டர்களுக்கு மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். இறுதியில், வலையின் நடுப்பகுதியையே வேறு விதமாகக் கட்டிய பிறகுதான் நிலைமை சீர்ப்பட்டது. அங்கே கம்ப்யூட்டர் துறைக்குத் தலைவராயிருந்த ஜான் ஹாலம்கா, நடந்ததை மறைக்காமல் உலகுக்கு எடுத்துரைத்தார். அதனால் பயன்பெற்ற நிறுவனங்கள் பல.

அந்தப் பாடம் யாது? பெரிய வளாகத்தை ஒரே மரமாக வளர்க்கலாகாது. பகுத்துக் கட்டவேண்டும் என்பதே. மேஜைகளுக்கு அருகில் ஒரு படி, கட்டடத்துக்கு ஒரு படி, வளாகத்தின் நடுவே ஒரு படி என்று மூன்று படிகளாக வகுப்பது வழக்கம். கட்டடங்களின் எல்லையில் ரௌட்டர் வேலை செய்யும் கருவிகளை நிறுத்தவேண்டும். ரௌட்டர் தண்டோராவைத் தன் எல்லைக்கு அப்பால் விடுவதில்லை. மேலும், அதன் வழியே செல்லும் செய்தியில் ஓர் ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு ரௌட்டரைக் கடக்கையிலும் அது ஒன்று குறைகிறது. பூஜ்யமானதும் செய்தி மடிகிறது. ஆகவே ஒரு கட்டடத்தில் பற்றிய தீ மற்றொன்றுக்குப் பரவாது.

கட்டுவது ஒரு பாதி என்றால் பராமரிப்பது மறுபாதி. வேர் எது என்பதைப் பொறியாளரே நிச்சயித்து வைக்கவேண்டும். விட்டுவிட்டால் மூலையில் கிடக்கும் பழைய ஸ்விட்ச் ஒன்று வேராகிவிடக்கூடும். யாரோ ஒருவர் மேஜையடியில் தாமாகவே ஒரு ஸ்விட்சைச் செருகினால் அந்த வாயில் தானே மூடிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யவேண்டும். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று படம் வரைந்து, மாற்றம் நேரும்போதெல்லாம் அதைத் திருத்தவேண்டும். மாற்று வழி உண்மையிலேயே திறக்கிறதா என்று, அவசரம் இல்லாத வேளையில் சோதித்துப் பார்க்கவேண்டும். எல்லாம் நின்றுவிட்டால் காகிதத்தில் வேலை நடத்துவது எப்படி என்பதையும் பழகி வைத்திருக்கவேண்டும்.

இவற்றில் எதற்கும் மாலையும் மரியாதையும் கிடைப்பதில்லை. ஒன்றும் நடவாதிருப்பதே இவ்வேலையின் வெற்றி. உங்கள் மகனோ மகளோ ஒரு விடுமுறை நாளில், "இன்று வலையைச் சோதிக்கும் நாள்" என்று அலுவலகத்துக்குப் புறப்பட்டால், விடுமுறையிலும் வேலையா என்று சலித்துக்கொள்ளாதீர்கள். எங்கோ ஒரு நோயாளியின் சீட்டு உரிய நேரத்தில் டாக்டர் கையை அடைவதற்கு அந்த ஒரு நாளின் உழைப்பும் காரணமாயிருக்கும்.