பக்கம் திறந்தால்தான் சந்தேகம்

பொன்முடி மலையில் இணையப் பக்கம் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் நெட்வொர்க்கைத் திட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். சுமார் 1,100 மீட்டர் உயரம், மூடுபனி, வந்து வந்து போகும் சிக்னல். ஆனால் மடிக்கணினியில் பிரைவாக்சி என்ற பிராக்சியும் (உலாவிக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் நிரல்) அதன் பின்னால் டோர் என்ற அநாமதேய வலையமைப்பும் ஓடிக்கொண்டிருந்தால், சந்தேகப் பட்டியலில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துவிடுகிறார்கள்.

டோரைப் புரிந்துகொள்ள இந்த மலைப்பாதையே போதும். விதுரா, கல்லாறு தாண்டி மேலே ஏறினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் நிற்பவருக்கு வண்டி எங்கிருந்து திரும்பியது, அடுத்து எங்கே திரும்பப் போகிறது என்பது மட்டும் தெரியும். அது நெடுமங்காட்டில் புறப்பட்டதா நாகர்கோவிலில் புறப்பட்டதா என்று தெரியாது. டோரில் பொதுவாக மூன்று வளைவுகள், அதாவது மூன்று ரிலே கணினிகள். முதல் ரிலேக்கு உங்களைத் தெரியும், நீங்கள் பார்க்கும் தளம் தெரியாது. கடைசி ரிலேக்குத் தளம் தெரியும், உங்களைத் தெரியாது. இந்த யோசனை 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்தது. ஒற்றர் வேலைக்குப் பயன்படும் என்று தொடங்கியது இன்று பத்திரிகையாளர்களுக்கும் கைகொடுக்கிறது.

நடுவில் பிராக்சி எதற்கு? டோர் சாக்ஸ் என்ற நெறிமுறையில் பேசும். அந்தக் காலத்து உலாவிகள் சாக்ஸில் பேசினாலும், தளத்தின் பெயருக்குரிய ஐபி முகவரியை இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரிடம் நேராகக் கேட்டுவிடும். தரவு டோர் வழியே சுற்றிப் போகும். எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்ற சேதியோ வாசலிலேயே வெளியாகிவிடும். இந்தக் கசிவை அடைக்க வந்தது பிரைவாக்சி. உலாவி 8118 என்ற போர்ட்டில் அதனிடம் கோரிக்கையைக் கொடுக்கும். அது பெயரை அப்படியே 9050இல் காத்திருக்கும் டோரிடம் தள்ளிவிடும். முகவரி தேடுவது கடைசி ரிலேயின் பாடு.

இந்த ஏற்பாட்டில் வரும் கோளாறுகளில் சத்தம் போடுபவை நல்ல கோளாறுகள். உலாவியில் 8118க்குப் பதில் 9050 என்று போட்டுவிட்டால், 'நான் எச்டிடிபி பிராக்சி அல்ல' என்று டோரே ஒரு பக்கத்தைக் காட்டும். டோர் ஓடவில்லை என்றால் பிரைவாக்சி 503 என்ற பிழையைக் காட்டும். எரிச்சலாக இருக்கும், ஆனால் எதுவும் வெளியே போகவில்லை.

சத்தம் போடாதவைதான் பயப்பட வேண்டியவை. பிரைவாக்சியின் அமைப்புக் கோப்பில் டோருக்கு வழிகாட்டும் வரி மாதிரிக்காக ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். முதலில் # என்ற குறி, நடுவில் 127.0.0.1:9050, கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ஒரு புள்ளி. புள்ளியைத் தூசி என்று நினைத்து அழித்துவிடக் கூடாது. இதற்கப்பால் வேறு பிராக்சி இல்லை என்று அதற்குப் பொருள். # குறி இருக்கும்வரை அந்த வரி வெறும் குறிப்பு. அதை நீக்க மறந்தாலும் பிரைவாக்சி ஓடும், பக்கங்கள் திறக்கும், வழக்கத்தைவிட வேகமாகவே திறக்கும். டோர் மட்டும் வழியில் இருக்காது. பழைய உலாவிகளில் எச்டிடிபிக்கு ஒரு கட்டம், எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தனிக் கட்டம். முதலாவதை மட்டும் நிரப்பினால் பூட்டுச் சின்னம் உள்ள பக்கங்கள் எல்லாம் நேர்வழியில் போய்விடும். திரையில் ஒரு எச்சரிக்கையும் வராது.

எல்லாம் சரியாக இருந்தும் ஏமாந்தவர்கள் உண்டு. 2007இல் ஸ்வீடனைச் சேர்ந்த டான் ஈகர்ஸ்டாட் ஐந்து கடைசி ரிலேக்களைத் தானே நடத்தி, குறியாக்கம் இல்லாமல் அவற்றைக் கடந்துபோன மின்னஞ்சல்களைக் கவனித்தார். 100 கணக்குகளின் கடவுச்சொற்களை வெளியிட்டார். அவற்றில் இந்தியத் தூதரகக் கணக்குகளும் இருந்தன. டோரை யாரும் உடைக்கவில்லை. யார் என்பதைத்தான் அது மறைக்கும். கடைசி ரிலேயிலிருந்து தளம் வரை என்ன போகிறது என்பதை மறைப்பது எச்டிடிபிஎஸ்ஸின் வேலை. அந்தக் கணக்குகளைக் களவாடியவர்களே டோர் வழியாகப் படித்துக்கொண்டிருந்திருக்கலாம் என்பது ஈகர்ஸ்டாட்டின் ஊகம். திருடனின் வழியில் இன்னொருவர் ஒட்டுக்கேட்டார் என்றால், சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

இன்று உலாவுவதற்கு டோர் பிரவுசரே போதும். அது டோருடன் நேராகப் பேசிக்கொள்ளும். எச்டிடிபி பிராக்சி மட்டுமே தெரிந்த சில நிரல்களுக்காகப் பிரைவாக்சி இன்னும் பிழைத்திருக்கிறது. அப்படி வைத்திருப்பவர்கள், சிக்னல் நன்றாக இருக்கும் நேரம் பார்த்து ஒரு சோதனை செய்யலாம். டோரை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். 503 வந்தால் நல்லது. பக்கம் வந்தால் உடனே அமைப்புக் கோப்பைத் திறந்து அந்த # குறியைத் தேடுங்கள். டிஎன்எஸ் கசிவு மட்டும் இந்தச் சோதனையில் சிக்காது. அதற்கு டோரைத் திரும்ப ஓடவிட்டு அதன் பதிவேட்டைப் படிக்க வேண்டும்: பெயருக்குப் பதில் வெறும் ஐபி முகவரி வந்தால், அங்கே ஓர் எச்சரிக்கை வரி விழுந்திருக்கும்.