குழந்தையின் தீப்புண் உணர்த்துவது

குழந்தைகளுக்கு நேரும் தீப்புண்களுள் பெரும்பாலானவை விபத்தின் விளைவே. எனினும் சில, பெரியோர் வேண்டுமென்றே சுட்டதனால் உண்டாகின்றன. படுக்கையை நனைத்தமைக்காகத் தண்டிக்கும் வழக்கம், இல்லத்தில் குடியும் அடிதடியும், குழந்தையின் உடற்குறை ஆகியன இவ்வபாயத்தை மிகுதிப்படுத்துகின்றன. 5 வயதுக்குட்பட்டோரே எளிதில் இலக்காகின்றனர்.

வெந்நீர் தவறிக் கொட்டினால் புண் ஒழுங்கின்றிச் சிதறிக் காணப்படும். வெந்நீரில் அமிழ்த்திப் பிடிக்கப்பட்ட கைகால்களிலோ, உறை அணிந்தாற்போல் தெளிவான எல்லைக்கோடு தோன்றும். கூறப்படும் காரணம் புண்ணோடு பொருந்தாமையும், சிகிச்சைக்குத் தாமதித்தலும் கவனிக்கத்தக்கவை.

ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு எவரையும் குற்றஞ்சாட்டுதல் தகாது. ஐயம் எழுமாயின், குழந்தையை மருத்துவரிடம் காட்டி, நாடெங்கும் இயங்கும் 1098 என்னும் குழந்தைகள் உதவித் தொலைபேசிக்கு அறிவித்தல் ஆசிரியர், களப்பணியாளர் கடமையாகும்.