உறுமிய புலிக் கார்!

கொழுந்தெடுத்துத் திரும்பியதும் இடுப்பில் தேய்க்கிறோமே புலி மார்க் தைலம், அதற்கென்றே ஒரு கார் ஓடியது தெரியுமா?

தைல முதலாளி ஆவ் பூன் ஹா 1926-இல் ரங்கூனிலிருந்து சிங்கப்பூர் வந்தார். சைனாடவுன் நீல் ரோட்டில் தைலத் தொழிற்சாலை. பூன் ஹா என்றால் சாதுவான புலியாம். தம்பி பூன் பார் சாதுவான சிறுத்தை!

1927-இல் ஜெர்மன் என்.எஸ்.யு. கார் ஒன்றைப் புலியாகவே மாற்றினார். முன்னால் புலித்தலை, உடம்பெல்லாம் வரி, நம்பர் 8989. ஹாரனை அமுக்கினால் உறுமல்! வெறும் பணக்கார விளையாட்டல்ல. எழுத்தறியாத கூலியாளும் டப்பாவிலுள்ள புலியை அடையாளம் கண்டு வாங்கினான். பத்திரிகை விளம்பரம் எட்டாத இடத்தில் கார் பேசியது.

சிங்கப்பூர் போகிறவர்கள் நீல் ரோட்டில் அந்தப் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தை இன்றும் பார்க்கலாம்.