லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? முதலில் தராசில் வையுங்கள்!

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சாவடிகள் அதிகம். வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று அடுத்தடுத்து வரும். சாவடி என்றால் என்ன? வழி நடப்பவர்கள் மூட்டையை இறக்கி வைத்து இளைப்பாறும் இடம்.

இப்போது காலை 8 மணிக்கு வேலப்பன்சாவடி பஸ் நிறுத்தத்துக்குப் போய்ப் பாருங்கள். மூட்டைக்குப் பஞ்சம் இல்லை! பல் மருத்துவக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, என்ஜினீயரிங் கல்லூரி என்று போகிற பிள்ளைகள் எல்லோர் முதுகிலும் ஒரு பை. அந்தப் பைக்குள் புத்தகம், சோற்று டப்பா, தண்ணீர் பாட்டில். கூடவே லேப்டாப் என்கிற மடிக்கணினி.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம். தகப்பனாருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை. மகள் கல்லூரியில் முதல் வருஷம். தாயார் சீட்டு கட்டிச் சேர்த்த பணம் 45 ஆயிரம் ரூபாய். அதில் மகளுக்கு லேப்டாப் வாங்க வேண்டும். தவறான சாமானை வாங்கிவிட்டால் மறுபடி சீட்டு எடுக்க இரண்டு வருஷம் ஆகும்!

தகப்பனார் ஒரு கடையில் பெரிய லேப்டாப்பைப் பார்த்து வந்தார். 15.6 அங்குலத் திரை. விளையாட்டுப் படங்கள் பிரமாதமாக ஓடுமாம்.

"அதே விலைதாம்மா. பெரிசா இருந்தா நல்லதுதானே?" என்றார்.

"அப்பா, நீங்க ஒரு தடவைதான் வாங்குவீங்க. நான் தினமும் தூக்கணுமே!" என்றாள் மகள்.

தாயார் பேசவில்லை. மகளின் பையை எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனார். தராசில் வைத்தார். லேப்டாப் இல்லாமலே 4 கிலோ 200 கிராம்! அந்தப் பெரிய லேப்டாப்போ 2 கிலோ 300 கிராம். அதன் சார்ஜர் அரை கிலோ. ஆக மொத்தம் 7 கிலோ. பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால் அத்தனையும் முதுகில்தான்.

14 அங்குல லேப்டாப்புகளில் 1 கிலோ 400 கிராம் எடையில் நல்லவை இருக்கின்றன. சார்ஜர் கால் கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோவுக்கு மேல் குறைகிறது! சார்ஜர் எடையைப் பெட்டியில் போடமாட்டார்கள். கேட்டு வாங்குங்கள்.

11 கிலோ கணினி!

1981-ம் ஆண்டு அமெரிக்காவில் 'ஆஸ்போர்ன்' என்று ஒரு கணினி வந்தது. கையில் தூக்கிப் போகலாம் என்று விளம்பரம் செய்தார்கள். எடை என்ன தெரியுமா? சுமார் 11 கிலோ! பார்ப்பதற்குத் தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். 2008-ம் ஆண்டு ஆப்பிள் கம்பெனி ஒரு லேப்டாப்பைக் காகித உறையிலிருந்து உருவிக் காட்டியது. அது 1 கிலோ 360 கிராம்தான். அன்று அது பணக்காரர்கள் வாங்கும் பொருள். இன்று அதே எடை நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டுகிறது.

நம் ஊர்ப் பக்கம் லேப்டாப்பை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது அரசின் இலவசத் திட்டம். 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா அதைத் தொடங்கிவைத்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் லேப்டாப் பெற்றார்கள். 2025-ம் ஆண்டு தமிழக பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஆகவே கைப்பணத்தைச் செலவழிக்கும் முன்பு, உங்கள் பிள்ளையின் கல்லூரியில் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

மேடையும் பரணும்

கடைக்காரர் "8 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி." என்று மளமளவென்று சொல்லுவார். பயப்பட வேண்டாம். உங்கள் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ராம் என்பது சமையல் மேடை. மேடை அகலமாக இருந்தால் ஒரே சமயத்தில் காய் நறுக்கலாம், மாவு பிசையலாம், குழம்பையும் இறக்கி வைக்கலாம். சின்ன மேடையில் ஒன்றை எடுத்தால்தான் இன்னொன்றை வைக்க முடியும். எஸ்.எஸ்.டி. என்பது பரண். சாமான்களைப் போட்டு வைக்கும் இடம்.

படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் ராம் 8 ஜி.பி. கட்டாயம் வேண்டும். 16 இருந்தால் நெடுநாள் உழைக்கும். பிறகு கூட்டிக்கொள்ள இடம் உண்டா என்றும் கேளுங்கள். எடை குறைந்த லேப்டாப்புகள் பலவற்றில் ராமைப் பலகையோடு ஒட்டிவிடுகிறார்கள். அப்புறம் மாற்ற முடியாது!

4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. சேமிப்பு என்று மிக மலிவாகச் சில லேப்டாப்புகள் வருகின்றன. ஜாக்கிரதை! விண்டோஸ் 11 ஓடுவதற்கே குறைந்தபட்சம் அவ்வளவு வேண்டும் என்று அதைத் தயாரித்த மைக்ரோசாப்ட் சொல்கிறது. மேடை முழுக்க அடுப்பே இருந்தால் பாத்திரத்தை எங்கே வைப்பது?

பழைய காலச் சுழலும் ஹார்டு டிஸ்க்கும் வேண்டாம். பஸ் குலுக்கலில் அது பழுதாகலாம். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது. வேகமும் பல மடங்கு அதிகம்.

"ஐ5 சார்!" என்று சொன்னதும் மயங்கிவிடாதீர்கள். எந்த வருஷத்து ஐ5? பத்து வருஷப் பழைய ஐ5-ஐ விடப் புதிய ஐ3 வேகமாக ஓடும்.

பாட்டரி கணக்கு

"10 மணி நேரம் நிற்கும்" என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள். அது திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் பார்த்த கணக்காக இருக்கும். நீங்களே கணக்குப் போடலாம். பாட்டரியின் அளவு 'வாட்-அவர்' என்று போட்டிருக்கும். 50 என்று இருந்தால், எழுதவும் படிக்கவும் மணிக்குச் சுமார் 8 வாட்-அவர் செலவாகும் என்று வைத்து வகுத்துப் பாருங்கள். 6 மணி நேரம் வருகிறது. கல்லூரிக்கு அது போதும். சினிமா பார்த்தால் இன்னும் சீக்கிரம் தீரும். அதற்குக் கம்பெனி பொறுப்பல்ல!

கடையில் வெளிச்சத்தின் அடியில் வைத்துத் திரையைப் பாருங்கள். பக்கவாட்டில் நின்றும் பாருங்கள். வெளுத்துப்போனால் அந்தத் திரை வேண்டாம். விசைப்பலகையில் பத்து வரி தட்டிப் பாருங்கள். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்க பென்டிரைவ் சொருக வேண்டியிருக்கும். அந்தப் பழைய செவ்வகத் துளை இருக்கிறதா? மிக ஒல்லியான சிலவற்றில் அது இருக்காது. தமிழில் எழுதுவதற்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே உண்டு.

ரிச்சி தெருவில்

பணம் இன்னும் குறைவாக இருக்கிறதா? சிந்தாதிரிப்பேட்டை அருகே ரிச்சி தெருவில் பழைய லேப்டாப்புகள் கிடைக்கும். பெரிய கம்பெனிகள் மூன்று, நான்கு வருஷம் உபயோகித்துக் கழித்தவை. உறுதியானவை. புதிய மலிவுச் சரக்கைவிட இவை மேல் என்பதே என் அபிப்பிராயம்.

ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு உதவியை 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு பொதுவாக நிறுத்திவிட்டார்கள். ஆகவே விண்டோஸ் 11 ஏற்கிற லேப்டாப்பாக இருக்க வேண்டும். இன்டெல் என்றால் 8-வது தலைமுறைக்குக் குறையக் கூடாது. மற்றொன்று பாட்டரி. 'பாட்டரி ரிப்போர்ட்' காட்டச் சொல்லுங்கள். புதிதில் எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண் வரும். பாதியாகக் குறைந்திருந்தால் புது பாட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

2025 கடைசியில் ராம் சில்லுகளின் விலை உலகம் முழுவதும் ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் வாங்கிக் குவிப்பதே காரணம். ஆகவே போன வருஷ விலையை வைத்துக்கொண்டு கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். இரண்டு கடை ஏறி இறங்குங்கள். "வட்டியில்லாத் தவணை" என்றால், அதற்குத் தனிக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள்.

நம் லேத் தொழிலாளி என்ன வாங்கினார்? 14 அங்குலம், 8 ஜி.பி. ராம், இன்னொரு 8 சேர்க்க இடம் உண்டு. எடை 1 கிலோ 410 கிராம். 45 ஆயிரத்துக்குள் முடிந்தது. மீந்த பணத்தில் பஞ்சு வைத்த பை ஒன்றும் வாங்கினார்.

கடைக்காரர் சொன்ன எடையைத் தாயார் நம்பவில்லை. திரும்பும் வழியில் அதே மளிகைக் கடையில் ஏறினார். தராசில் வைத்தார்கள்.

"1 கிலோ 420" என்றார் மளிகைக்காரர்.

"பத்து கிராம் கூட இருக்கே!" என்றார் தாயார்.

"அது இந்தத் தராசுக் கோளாறும்மா" என்று சிரித்தாள் மகள்.