அகல் விளக்கு நடத்தும் ரசாயனப் பாடம்

கார்த்திகை மாதம் வந்துவிட்டால் திருவண்ணாமலை நம் எல்லோர் வீட்டுக்கும் பக்கத்தில் வந்துவிடுகிறது. விடியற்காலையில் கோயிலுக்குள் பரணி தீபம். மாலை ஆறு மணிக்கு, 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகா தீபம். ஆளுயரக் கொப்பரையில் நெய்யும், காடாத் துணித் திரியும், கற்பூரமும் சேர்ந்து எரிகின்றன. மலையில் ஜோதி தெரிந்த பிறகுதான் ஊரில் வீட்டு வாசல்களில் அகல்கள் ஏற்றப்படுகின்றன.

தரிசனம் ஆயிற்று, பொரி உருண்டையும் ஆயிற்று. இனி உங்கள் பிள்ளையிடமோ பெண்ணிடமோ ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "மலை மேல் எரிகிறதே, அது நெய்யா, திரியா?"

"திரிதான்" என்பாள் பெண். "இல்லை, நெய்" என்பான் பையன். இரண்டு பேரும் சண்டை போடட்டும், தடுக்காதீர்கள். ரசாயன சாஸ்திரத்தின் முதல் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

ரசாயனம் என்றதும் பல குழந்தைகளுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. காரணம், அது அவர்களிடம் வந்து சேரும் விதம். முதலில் குறியீடு, பிறகு சமன்பாடு, அதன் பிறகு மனப்பாடம். பொருளைக் கண்ணால் பார்ப்பது கடைசியில்தான். விளக்கையே பார்க்காதவனுக்கு வெளிச்சத்தைப் பற்றிப் பாடம் நடத்துவதைப்போல அல்லவா இருக்கிறது!

இந்த முறையைத் தலைகீழாக மாற்றிக் காட்டியவர் மைக்கேல் பாரடே. லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற விஞ்ஞானக் கழகத்தில் 1825-ஆம் ஆண்டு முதல் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர் சிறுமியருக்காகச் சொற்பொழிவுகள் நடந்து வருகின்றன. 1860-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய வரிசையில் பாரடே எடுத்துக்கொண்ட விஷயம் என்ன தெரியுமா? ஒரே ஒரு மெழுகுவர்த்தி! அதை வைத்துக்கொண்டு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். அடுத்த ஆண்டே அவை புத்தகமாக வந்தன.

அந்த பாரடேக்கு ரசாயனத்தில் ஆசையை மூட்டியது ஒரு பெண்மணி என்றால் நம் வாசகிகள் மகிழ்வார்கள். பாரடே கொல்லர் வீட்டுப் பிள்ளை. புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர். பைண்டுக்கு வந்த புத்தகங்களையே படித்துத் தேறினார். அவற்றில் ஒன்று, ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய ரசாயன உரையாடல்கள். ஓர் ஆசிரியை இரண்டு சிறுமிகளோடு பேசுவதுபோல் அமைந்த நூல் அது. பெண்களுக்கும் இந்தச் சாஸ்திரம் புரிய வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டது. வெகு காலம் வரை அந்த அம்மையாரின் பெயர்கூட அதில் அச்சாகவில்லை. பிற்காலத்தில் பெரும் புகழ் அடைந்த பாரடே, தம் முதல் ஆசிரியை அவரே என்று நன்றியோடு நினைத்துக்கொண்டார்.

சரி, நம் அகலுக்கு வருவோம்.

நெய்யா, திரியா?

ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிச் சிறிது நேரம் எரியவிட்டு, மெல்ல ஊதி அணையுங்கள். வெண்புகை ஒன்று இழையாக எழும். எரியும் தீக்குச்சியை உடனே அந்த இழையில் காட்டினால், திரியைத் தொடுவதற்கு முன்பே சுடர் தாவி இறங்கும். பாரடே செய்து காட்டிய வேடிக்கை இது. எரிவது மெழுகின் ஆவி. மலை மேலும் அப்படித்தான். திரி நெய்யை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. சூட்டில் நெய் ஆவியாகிப் பிராணவாயுவோடு கலந்து எரிகிறது. கற்பூரமோ, சாதாரணச் சூட்டிலேயே கட்டியிலிருந்து நேரே ஆவியாகிவிடும். பூஜை அலமாரியில் ஏற்றாமலே அது தேய்ந்து போவது அதனால்தான்.

மையின் கதை

சுடரின் மஞ்சள் பாகத்தில் ஒரு பழைய கரண்டியின் அடிப்புறத்தைக் காட்டுங்கள். கரி படியும். நம் பாட்டிமார் கண் மை கூட்டியது இப்படித்தானே? எரிந்து முடியாத கரித் துகள்கள் அவை. சுடருக்குள் அவை பழுக்கக் காய்ந்து ஒளிர்வதால்தான் நமக்கு மஞ்சள் வெளிச்சம் கிடைக்கிறது. திருவண்ணாமலையில் தீபக் கொப்பரையிலிருந்து எடுக்கும் மையை ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தி, பக்தர்களுக்குப் பிரசாதமாக வழங்குகிறார்கள். ஜோதியாக நின்றதே மையாக வருகிறது என்று பக்தர் சொன்னால், ரசாயன ஆசிரியரும் தலையாட்டுவார்!

வெற்றிலைப் பெட்டி சோதனை

உலர்ந்த கண்ணாடித் தம்ளரைச் சுடருக்கு மேல் ஒரு நொடி கவிழ்த்துப் பிடித்தால் உட்புறம் மங்கலாகப் பனிக்கும். நெருப்பிலிருந்து தண்ணீர்! நெய்யில் உள்ள ஹைட்ரஜன் பிராணவாயுவோடு சேர்ந்ததால் பிறந்த நீர் அது. இன்னொரு தம்ளரை வெறுமனே கவிழ்த்துப் பிடித்து, அது பனிக்கிறதா என்றும் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்காத சோதனை சோதனையே அல்ல.

அடுத்து, வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கலக்கி, மூடித் தெளியவையுங்கள். மறுநாள் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். சுடர் மேல் கவிழ்த்த தம்ளரில் அதைக் கொஞ்சம் விட்டு, ஒரு தட்டால் மூடிக் குலுக்கினால் பால்போல் வெளுக்கும். அது கரியமில வாயுவின் கைவேலை. வேறொரு தம்ளரில் தெளிவை எடுத்து உறிஞ்சு குழாய் வழியாக ஊதினாலும் வெளுக்கும். விளக்கு எரிவதும் நாம் மூச்சு விடுவதும் ஒரே ஜாதி வேலை என்பது பாரடேயின் கடைசிச் சொற்பொழிவின் செய்தி. ஊதத்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது. சுண்ணாம்பு நீர் கண்ணில் படவும் கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

மீதிச் சுண்ணாம்பு நீரை மஞ்சள் கரைசலில் விட்டால் ஆரத்திச் சிவப்பு வரும். எலுமிச்சம் பழம் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். காரமும் அமிலமும் குழந்தைக்குப் புரிந்துவிட்டது! புடவையில் பட்ட மஞ்சள் கறை சோப்புப் போட்டதும் சிவப்பதன் மர்மமும் இதுவே.

சோதனைக் கூடத்து ஆசாரம்

இத்தனையும் பழகிய குழந்தை பள்ளிச் சோதனைக் கூடத்துக்குள் போகும்போது சில ஆசாரங்களை அறிந்து செல்ல வேண்டும். சமையலறையில் உப்புப் பார்ப்பது கெட்டிக்காரத்தனம். அங்கே எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. நம் அடுக்களையில் டப்பாவின் இடத்தை வைத்தே சர்க்கரை எது, சோடா உப்பு எது என்று சொல்லிவிடுவோம். அங்கே சீட்டு ஒட்டாத பாட்டிலைத் தொடக் கூடாது. வாசனை பார்க்க மூக்கைக் கொண்டுபோகாமல், கையால் விசிறி வாசனையை வரவழைக்க வேண்டும். சூடாக்கும் சோதனைக் குழாயின் வாய் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. பின்னலை முடிந்து, தாவணியையோ துப்பட்டாவையோ இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அமிலத்தைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாக விட வேண்டும். தண்ணீரை அமிலத்தில் விடவே கூடாது. காய்ந்த எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று நமக்கா தெரியாது? கந்தக அமிலத்தில் தண்ணீர் பட்டால் கலக்கும்போதே பெருஞ்சூடு பிறந்து, அதேபோல் மேலே தெறிக்கும்.

"ஆசிட், நெருப்பு எல்லாம் பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்று சில வீடுகளில் இன்னும் கேட்கிறார்கள். அடுப்பையும் கொதிக்கும் எண்ணெயையும் பெண்ணிடம் ஒப்படைக்கும் நாம் இப்படிக் கேட்பது நியாயமா? பயத்தால் தடுப்பதைவிட முறையாகப் பழக்குவதே பாதுகாப்பு.

இன்னொரு வழக்கத்தையும் இளமையிலேயே ஊட்ட வேண்டும். கண்டதைக் கண்டபடி நோட்டில் எழுதுவது. சுண்ணாம்பு நீர் வெளுக்கவில்லையானால் "வெளுக்கவில்லை" என்றே எழுதட்டும். தெளிவு பழசாகிவிட்டதா, வாயு போதவில்லையா என்று பிறகு தேடட்டும். கையேட்டைப் பார்த்து முடிவை முன்கூட்டியே எழுதிவிடும் மாணவனுக்கு மார்க்கு கிடைக்கலாம், ரசாயனம் கிடைக்காது. நாளைக்கு மருந்தையோ குடிநீரையோ சோதித்து நமக்குச் சொல்லப்போகிறவர்கள் இந்தக் குழந்தைகள்தாம். அவர்கள் கண்டதைச் சொல்கிறவர்களாக இருந்தால்தான் நாம் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆகவே சகோதரிகளே, பள்ளியிலிருந்து வந்த குழந்தையிடம் "எத்தனை மார்க்கு?" என்று கேட்பதற்கு முன்னால், "இன்றைக்கு என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள்.