மனைவிக்காக உருவான மாவு!
முட்டை இல்லாமல் கேக் செய்வது எப்படி?

கேக் செய்ய மைதா இருக்கிறது. சர்க்கரை இருக்கிறது. ஆனால் முட்டை இல்லை. அல்லது வீட்டில் ஒருவருக்கு முட்டையே ஆகாது. என்ன செய்வது?

இந்தக் கவலை இங்கிலாந்தில் ஒரு கணவருக்கு வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் இன்று கடைகளில் விற்கும் கஸ்டர்டு பவுடர்!

மருந்துக் கடைக்காரர்

அவர் பெயர் ஆல்பிரட் பேர்டு. பர்மிங்காம் நகரில் மருந்துக் கடை வைத்து இருந்தார். அவருடைய மனைவி எலிசபெத்துக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. ஆனால் முட்டையும் பாலும் சேர்த்துக் காய்ச்சும் கஸ்டர்டு என்றால் ஆசை!

பேர்டு யோசித்தார். கஸ்டர்டில் முட்டையின் வேலை என்ன? பாலைக் கெட்டியாக்குவது. அந்த வேலையைச் சோள மாவும் செய்யுமே!

1837-ம் ஆண்டு, முட்டை இல்லாத கஸ்டர்டு பவுடர் தயாராகி விட்டது.

எலிசபெத்துக்கு ஈஸ்ட்டும் ஆகாது. ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி எப்படி உப்பும்? 1843-ல் பேர்டு அதற்கும் வழி கண்டார். சோடாவையும், டார்டாரிக் அமிலத்தையும் கலந்து ஒரு பொடி செய்தார். நம் புளிக்குப் புளிப்பு கொடுப்பது இந்த அமிலம்தான்! இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் வாயு பொங்கும். அந்த வாயு மாவை உப்ப வைக்கும். அதுதான் பேக்கிங் பவுடர்.

வேலை என்ன?

பொருள் இல்லையே என்று பேர்டு உட்கார்ந்து விடவில்லை. அந்தப் பொருளின் வேலை என்ன என்று பார்த்தார். மாற்றுப் பொருள் தேடும் எல்லோருக்கும் இதுவே பாடம்.

கேக்கில் முட்டைக்கு மூன்று வேலை. மாவைப் பிடித்து வைக்கும். ஈரம் கொடுக்கும். உப்பவும் உதவும். ஒரு முட்டைக்குப் பதில் கால் கப் கெட்டித் தயிர் போடலாம். தயிர் ஈரம் கொடுக்கும். அதன் புளிப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடாவுடன் சேர்ந்து கேக்கை உப்ப வைக்கும்.

பேக்கிங் பவுடர் இல்லையா? ஒரு தேக்கரண்டிக்குப் பதில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும், அரை கப் புளித்த மோரும் போதும். மோர் ஊற்றிய அளவுக்குப் பாலையோ தண்ணீரையோ குறைக்க வேண்டும்.

வெண்ணெய் இல்லையா? ஒரு கப் வெண்ணெய்க்கு முக்கால் கப் எண்ணெய் போதும். வெண்ணெயில் கொஞ்சம் தண்ணீரும் உண்டு. எண்ணெய் முழுவதும் கொழுப்பு. அதனால்தான் அளவு குறைகிறது. வாசனை இல்லாத எண்ணெயாக இருக்க வேண்டும்.

எங்கே தவறு?

பேக்கிங் பவுடருக்குப் பதிலாக அதே அளவு சோடாவைக் கொட்டுகிறவர்கள் உண்டு. கேக் கசந்து விடும்! சோப்பு வாடையும் வரும். சோடாவுக்குப் புளிப்புத் துணை வேண்டும்.

தயிரும் சோடாவும் சேர்ந்ததும் பொங்கத் தொடங்கி விடும். மாவைக் கலந்த பிறகு காத்திருக்கக் கூடாது. உடனே அடுப்பில் ஏற்றி விட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மாற்று உண்டா? இல்லை. ஐந்தாறு முட்டையை நுரைக்க அடித்துச் செய்யும் கேக்குக்குத் தயிர் உதவாது. அங்கே கேக்கைத் தூக்கி நிறுத்துவதே முட்டையின் நுரைதான். ஒன்று, இரண்டு முட்டை சேரும் கேக்குக்கே தயிர் பொருந்தும்.

ஒரே மேஜை

முட்டை ஆகாத குழந்தைகள் இன்றும் பலர். பிறந்த நாள் வீட்டில் மற்றவர்கள் கேக் சாப்பிடும்போது, அந்தக் குழந்தை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரு கிண்ணம் தயிரும், ஒரு சிட்டிகை சோடாவும் இருந்தால் போதும். அந்தக் குழந்தையும் அதே மேஜையில், அதே கேக்கைச் சாப்பிடலாம்!